எந்த முகவரி, யாருடைய முகவரி? கர்னலும் டிரைவரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. சாதனத்தின் ரிஜிஸ்டர் (சாதனத்தைக் கட்டுப்படுத்த அதற்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) எந்த முகவரியில் இருக்கிறது, அதைக் கர்னலுக்கு (இயக்குதளத்தின் மையப் பகுதிக்கு) யார் சொல்கிறார்கள், டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) அதை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் அது. ஹெக்ஸ் (16-ஐ அடியாகக் கொண்ட) எண்களில் வரும் எழுத்துகளை பி, சி, ஈ, எஃப் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

ரிச்சி தெருவில் ராஸ்பெர்ரி பை 4 வாங்கினேன். பை 3-இல் நன்றாக ஓடிய என் எல்.இ.டி. நிரல் இதில் அசையவே மறுக்கிறது. பிழைச் செய்தியும் இல்லை. டேட்டாஷீட்டைப் புரட்டினால் அதில் மூன்றாவதாக ஒரு முகவரி இருக்கிறது. எதை நம்புவது ஐயா? (அண்ணா நகர் வாசகர்)

நீங்கள் அனுப்பிய நிரலில் 3எஃப்200000 என்ற எண்ணை நேரடியாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். ஜிபிஐஓ தொகுதி (விளக்கு, பொத்தான் போன்றவற்றை மாட்டும் இணைப்பு ஊசிகளைக் கட்டுப்படுத்தும் பகுதி) சிபியுவின் கண்ணுக்கு பை 1-இல் 20200000-இலும், பை 2, பை 3 இரண்டிலும் 3எஃப்200000-இலும், பை 4-இல் எஃப்ஈ200000-இலும் தெரியும். பை 4-இல் அந்தப் பழைய இடத்தில் இருப்பது ராம். விளக்கை எரிய வைக்க நீங்கள் எழுதும் பிட் ராமில் போய் விழுகிறது. அங்கே யாருடைய தரவு இருந்ததோ, அது கெட்டது. அந்த நிரலை ரூட் (முழு நிர்வாக) உரிமையில் இன்னொரு முறை ஓட்டாதீர்கள்.

டேட்டாஷீட் சொல்லும் 7ஈ200000 என்பதும் பொய்யல்ல. சிப்புக்குள் இருக்கும் பஸ் (பகுதிகளை இணைக்கும் தரவுப் பாதை) அந்தத் தொகுதிக்கு வைத்திருக்கும் முகவரி அது. சென்னை வீடுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகை தொங்குமே, அதைப் போல வீடு ஒன்று, எண் இரண்டு. எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது கேட்பவரைப் பொறுத்தது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பை 4-இல் சூடோ போட்டு (ரூட் உரிமையில்) /ப்ராக்/ஐஓமெம் கோப்பைத் திறந்து ஜிபிஐஓ வரியைத் தேடுங்கள். வரியின் தொடக்கத்தில் எஃப்ஈ200000 முதல் எஃப்ஈ2000பி3 வரை என்ற எல்லை இருக்கும். அதே வரியின் கடைசியில் ஜிபிஐஓ@7ஈ200000 என்ற பெயர் இருக்கும். இரண்டு எண்களையும் ஒரே வரியில் பொருத்தி வைத்தது டிவைஸ் ட்ரீ, அதாவது எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியல். அதில் ஜிபிஐஓ முனையின் (அந்தச் சாதனத்துக்கான பதிவின்) ‘ரெக்’ பண்பில் தொடக்கம் 7ஈ200000, நீளம் பி4 என்று மட்டுமே இருக்கிறது. அதற்கு மேலே உள்ள ‘சாக்’ முனையின் ‘ரேஞ்சஸ்’ பண்பு, 7ஈ000000-இல் தொடங்கும் பரப்பு சிபியுவுக்கு எஃப்ஈ000000-இல் தெரியும் என்கிறது. இடைவெளி 200000. அதைப் புதிய தொடக்கத்தோடு கூட்டினால் கர்னலுக்கு வேண்டிய முகவரி வந்துவிடுகிறது. டிரைவர் எழுதியவர் இந்த எண்களில் ஒன்றைக்கூட நிரலில் எழுதவில்லை. அதனால்தான் அதே டிரைவர் நான்கு தலைமுறை பலகைகளில் ஓடுகிறது.

ரேஞ்சஸ் வரியைப் படிக்கும்போது பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பை 3-இல் ஒரு பதிவுக்கு மூன்று எண்கள்; பை 4-இல் நான்கு. பை 4-இன் வேர் முனை ‘அட்ரஸ்-செல்ஸ்’ மதிப்பை 2 என்று அறிவிப்பதால், சிபியு பக்கத்து முகவரி இரண்டு 32 பிட் துண்டுகளாக எழுதப்படுகிறது. முதல் துண்டு சுழியம்தான், ஆனாலும் அதற்கு ஓர் இடம் உண்டு. செல்களை எண்ணாமல் படித்தால் நீளத்தை முகவரியாக எடுத்துக்கொள்வீர்கள்.

எண்ணை மட்டும் எஃப்ஈ200000 என்று மாற்றினால் விளக்கு எரியும். ஆனால் புல்-அப், புல்-டவுன் (இணைப்பு ஊசியை உயர் அல்லது தாழ் நிலையில் இழுத்து வைக்கும்) ரிஜிஸ்டர்களின் அமைப்பையே பை 4-இன் சிப்பில் மாற்றிவிட்டார்கள். உங்கள் பொத்தான் பகுதி அப்போதும் வேலை செய்யாது. பை 5-இல் ஜிபிஐஓ, ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குக் குடிபோய், பிசிஐஇ (கணினியில் கூடுதல் கார்டுகளை இணைக்கும்) பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே பயனர் நிரலுக்கு லிப்ஜிபிஐஓடி நூலகத்தைப் பயன்படுத்துங்கள். முகவரிக் கவலை உங்களுடையதாக இருக்க வேண்டியதே இல்லை.

கர்னல் முழு உரிமையோடுதானே ஓடுகிறது? பிறகு ஏன் பௌதிக முகவரியை (வன்பொருளின் உண்மை முகவரியை) பாயிண்டராக்கி நேரே எழுதக் கூடாது? ஐஓரீமேப் எதற்கு? சி மொழியின் வாலடைல் போட்டால் போதாதா? (கிண்டியில் படிக்கும் பொறியியல் மாணவி)

உரிமை இருந்தாலும் வழி இருக்க வேண்டும். எம்எம்யு (முகவரிகளை மொழிபெயர்க்கும் வன்பொருள்) இயங்கத் தொடங்கிய பிறகு கர்னல் தொடும் முகவரிகளும் பேஜ் டேபிள் (எந்த மெய்நிகர் முகவரிக்கு எந்தப் பௌதிக முகவரி என்ற அட்டவணை) வழியாகத்தான் போகின்றன. ராமுக்கான வழியைக் கர்னல் பூட் ஆகும்போதே போட்டுவிடும். சாதனப் பரப்புக்கு அப்படித் தயாராக ஒன்று இருக்காது. ஐஓரீமேப் அந்த வழியைப் போட்டு, ஒரு மெய்நிகர் முகவரியைக் கையில் தருகிறது.

அதோடு அது செய்யும் இன்னொரு வேலை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: அந்தப் பரப்பு எப்படிப்பட்டது என்று பேஜ் டேபிளில் குறித்து வைக்கிறது. யுஏஆர்டியை (தரவைப் பிட் பிட்டாக அனுப்பும் தொடர் போர்ட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். ‘அம்மா’ என்று அனுப்ப அதே ஒரு ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பைட்டாக எழுதுகிறீர்கள். அந்தப் பரப்பைச் சாதாரண ராம் என்று சிபியு நினைத்துக்கொண்டால், ஒரே இடத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்டவற்றை ஒன்றாக்கிக் கடைசியை மட்டும் அனுப்ப அதற்கு அனுமதி உண்டு. ராமில் அதனால் நஷ்டமில்லை. இங்கே எழுத்துகள் காணாமல் போகும். படிப்பது இன்னும் மோசம். ஃபிஃபோவிலிருந்து (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசையிலிருந்து) ஒரு பைட்டைப் படித்தால் அது அங்கிருந்து நீங்கிவிடும். சிபியு முன்யூகமாக ஒரு தடவை படித்துப் பார்த்தாலே உங்களுக்கு வர வேண்டிய தரவு போயிற்று. ஆர்ம் 64 பிட் செயலிகளில் ஐஓரீமேப் தரும் வகை, எழுதியவற்றை ஒன்றாக்காதே, வரிசையை மாற்றாதே என்று இரண்டையும் தடுக்கிறது. எழுதியது போய்ச் சேரும் முன்பே ஒப்புகை தரலாம் என்பதை மட்டும் அனுமதிக்கிறது. திரைக்கான ஃபிரேம் பஃபர் போன்ற இடங்களில் எழுதியவற்றைச் சேர்த்து அனுப்புவதே வேகம் என்பதால், அதற்கு ஐஓரீமேப்_டபிள்யூசி என்று தனி வகை உண்டு.

வாலடைல் கட்டுப்படுத்துவது கம்பைலரை மட்டுமே. சிபியுவும் பஸ்ஸும் அதை அறியா. ரீட்எல், ரைட்எல் (ரிஜிஸ்டரைப் படிக்க, எழுத கர்னல் தரும் செயற்கூறுகள்) இரண்டையும் பயன்படுத்துங்கள். ராமில் நீங்கள் முன்னதாக எழுதிய டிஎம்ஏ (சிபியுவை இடையில் இழுக்காமல் சாதனமே ராமைத் தொடும் முறை) விவரக்குறிப்பு சாதனத்துக்குத் தெரிந்த பிறகே, ‘வேலையைத் தொடங்கு’ என்று மணியடிக்கும் ரிஜிஸ்டரில் நீங்கள் எழுதுவது போய் விழும் என்ற உறுதியை ரைட்எல் தருகிறது. பாயிண்டரை ‘__ஐஓமெம்’ என்று குறித்துவிட்டு ஸ்பார்ஸ் கருவியை ஒரு முறை ஓட்டுங்கள். நேராகத் தொட்ட இடங்களை எல்லாம் அது சுட்டிக்காட்டிவிடும்.

என் டிரைவரின் புரோப் (சாதனத்தைக் கண்டதும் ஓடும் தொடக்கச் செயற்கூறு), டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ் வரியில் மைனஸ் 16 என்று திரும்பி வருகிறது. வெறும் ஐஓரீமேப் போட்டால் ஓடிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா? (பெருங்குடி)

விடாதீர்கள். 16 என்பது அந்தப் பரப்பை ஏற்கெனவே வேறொருவர் பதிவு செய்துவிட்டார் என்று பொருள். வெறும் ஐஓரீமேப் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. அதனால்தான் ‘ஓடிவிடுகிறது’. ஒரே ரிஜிஸ்டரை இரண்டு டிரைவர்கள் படித்து, மாற்றி, திரும்ப எழுதினால், ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் அழிக்கும் நாள் கட்டாயம் வரும். /ப்ராக்/ஐஓமெம் கோப்பில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். சூடோ இல்லாமல் பார்த்தால் எல்லா முகவரியும் சுழியமாகத்தான் தெரியும். பெரும்பாலும் இரண்டு முனைகளின் ரெக் நீளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். உண்மையிலேயே பொதுவான ரிஜிஸ்டர் என்றால் அதைப் பல டிரைவர்கள் பகிர்ந்துகொள்ள சிஸ்கான் என்ற ஏற்பாடு இருக்கிறது.

எங்கள் பிசிஐஇ கார்டில் ரீசெட் பிட்டைப் போட்டு, 10 மைக்ரோ விநாடி காத்திருந்து, எடுத்துவிடுகிறோம். சில சமயம் கார்டு ரீசெட் ஆவதில்லை. தாமதத்தைக் கூட்டினால் சரியாகிறது. எவ்வளவு கூட்டுவது? (அம்பத்தூர் தொழிற்பேட்டை)

கூட்ட வேண்டாம். பிசிஐஇ-யில் நினைவகத்தில் எழுதும் கட்டளையை அனுப்பிவிட்டுச் சிபியு அடுத்த வேலைக்குப் போய்விடும். அது சேர்ந்ததா என்று பார்த்து நிற்பதில்லை. உங்கள் 10 மைக்ரோ விநாடி ஓடத் தொடங்கும்போது ரீசெட் கட்டளை இன்னும் வழியில் இருக்கலாம். பிறகு போடுவதும் எடுப்பதும் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கார்டுக்குப் போய்ச் சேரும். ரீசெட்டைப் போட்ட உடனே அதே கார்டின் ஏதாவது ஒரு ரிஜிஸ்டரை ரீட்எல் செய்து, அதற்குப் பிறகு காத்திருங்கள். முன்னால் போன எழுதும் கட்டளையைப் படிக்கும் கட்டளை முந்தக் கூடாது என்பது பிசிஐ வரிசை விதி. ஆகவே படித்த மதிப்பு கையில் வந்துவிட்டால் எழுதியது சேர்ந்துவிட்டது. ரீசெட்டில் இருக்கும்போதும் பதில் தரக்கூடிய, படித்தால் எந்தப் பக்க விளைவும் இல்லாத ரிஜிஸ்டராக அது இருக்கட்டும்.

பஃபரின் மெய்நிகர் முகவரியை பௌதிக முகவரியாக மாற்றி டிஎம்ஏ-வுக்குக் கொடுத்தேன். என் மேசைக் கணினியில் சரி; பை 4-இல் குப்பை வருகிறது. (தாம்பரம்)

முதல் கேள்வியின் மறுபாதி இது. அங்கே சிபியு சாதனத்தைப் பார்த்தது. இங்கே சாதனம் ராமைப் பார்க்கிறது. அதன் பார்வையில் ராமின் முகவரி வேறாக இருக்கலாம். பை 4-இன் பழைய வகை டிஎம்ஏ கட்டுப்படுத்திக்கு, ராமின் முதல் பைட் சுழியத்தில் இல்லை, சி0000000-இல் இருக்கிறது. அதுவும் முதல் 1 ஜிபி மட்டுமே அதற்கு எட்டும். இந்த இரண்டையும் டிவைஸ் ட்ரீயில் ‘டிஎம்ஏ-ரேஞ்சஸ்’ என்ற பண்பு சொல்லிவிடுகிறது. ரேஞ்சஸ் பண்பைக் கவனமாகப் படிக்கும் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. டிஎம்ஏ தொடர்பாக எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதைப் படித்திருந்தால் வந்திருக்காது.

டிஎம்ஏ_மேப்_சிங்கிள் அல்லது டிஎம்ஏ_அலாக்_கோஹெரண்ட் தரும் முகவரியை மட்டுமே சாதனத்திடம் கொடுங்கள். இடையில் ஐஓஎம்எம்யு (சாதனங்களுக்கான எம்எம்யு) இருந்தால் அதில் பதிவு போடுவது, சாதனத்துக்கு எட்டாத இடத்தில் பஃபர் இருந்தால் எட்டும் இடத்தில் நகல் எடுப்பது, கேஷை (சிபியுவின் வேகமான தற்காலிக நினைவகத்தை) துடைப்பது எல்லாம் அந்தச் செயற்கூறுகளின் பொறுப்பு. மேப்பிங் பிழை வந்ததா என்று சோதிக்காமல் போகாதீர்கள். ஸ்டேக்கில் இருக்கும் பஃபரை இதற்குக் கொடுக்கவே கூடாது. உங்கள் நிரலின் 40-ஆம் வரியில் அதுவும் இருக்கிறது.

4 ஜிபி ராம் போட்ட பழைய 32 பிட் விண்டோஸ் கணினி 3.2 ஜிபி என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (மயிலாப்பூர்)

இல்லை. 4 ஜிபிக்குக் கீழே ஒரு பகுதியைக் கிராபிக்ஸ் கார்டு முதலிய பிசிஐ சாதனங்களுக்கு ஃபர்ம்வேர் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் உள் நிரல்) ஒதுக்கிவிடுகிறது. அந்த முகவரிகளில் ராம் தெரியாது. ராமின் மிச்சத்தை 4 ஜிபிக்கு மேலே ஏற்றி வைத்தாலும் 32 பிட் விண்டோஸ் அங்கே போவதில்லை. 64 பிட் போட்டால் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும்.

ஒரே கார்டுக்கு லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் டிரைவர் எழுத வேண்டும். பிசியில் டிவைஸ் ட்ரீயே இல்லையே, முகவரி எங்கிருந்து வருகிறது? (சிறுசேரி)

பிசிஐ கார்டு தன்னைத் தானே விவரித்துக்கொள்ளும். அதன் பிஏஆர் (தொடக்க முகவரியை வைக்கும்) ரிஜிஸ்டரில் எல்லா பிட்டையும் 1 ஆக்கி எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், கார்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது தெரியும். சுழியமாகவே நிற்கும் கீழ் பிட்கள்தான் அளவு. பிறகு ஃபர்ம்வேரோ கர்னலோ ஓர் இடத்தைப் பார்த்து முகவரியை அதில் எழுதும். மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் சாதனங்களுக்கு ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐ அட்டவணைகள் இருக்கின்றன.

விண்டோஸில் கேஎம்டிஎஃப் (டிரைவர் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் சட்டகம்) உங்கள் டிரைவரை வன்பொருளுக்குத் தயார் செய்யும்போது இரண்டு பட்டியல்களைக் கொடுக்கும். ஒன்று பஸ் பார்வையில் உள்ளபடி. மற்றது சிபியு பார்வைக்கு மாற்றப்பட்டது. இரண்டாவதை எடுத்து எம்எம்மேப்ஐஓஸ்பேஸ்-க்கு (விண்டோஸில் ஐஓரீமேப் வேலையைச் செய்வது) கொடுங்கள். பிசியில் இரண்டும் பெரும்பாலும் ஒரே எண்ணாக இருப்பதால் முதல் பட்டியலை எடுத்துவிட்டு, சோதனையில் தப்பித்துவிடுவார்கள். அது நல்லதற்கில்லை. இரண்டு கர்னலுக்கும் பொதுவான பகுதியில் 32 பிட்டைப் படிப்பது, எழுதுவது என்று இரண்டே செயல்களை வைத்து, அடியில் மட்டும் மாற்றுங்கள். நெட்பிஎஸ்டி இயக்குதளத்தின் பஸ்_ஸ்பேஸ் இந்த ஏற்பாட்டை மிக அழகாகச் செய்திருக்கிறது. எந்தப் பஸ் என்பதற்கு ஓர் அடையாளம், எந்தப் பரப்பு என்பதற்கு ஒரு கைப்பிடி. டிரைவர் பார்ப்பது அவ்வளவே. எழுதத் தொடங்கும் முன் அதன் கையேட்டுப் பக்கத்தை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள்.

எஃப்பிஜிஏ (உள்ளமைப்பை நாமே வடிவமைக்கக்கூடிய சிப்) பலகையில் ரிஸ்க்-ஃபைவ் (திறந்த கட்டளைத் தொகுதி கொண்ட) செயலியை ஏற்றி, நான் வடிவமைத்த ஒரு டைமரையும் சேர்த்தேன். லினக்ஸ் பூட் ஆகிறது. என் டிரைவர் முதல் ரிஜிஸ்டரைப் படித்ததும் விழுந்துவிடுகிறது. பயாஸ் இல்லாத இடத்தில் கர்னல் இதை எப்படித் தெரிந்துகொள்ளும்? (தரமணி, ஆராய்ச்சி மாணவர்)

சென்னை ஐஐடியின் சக்தி செயலித் திட்டத்தால் இந்த ஊரில் இத்தகைய கேள்விகள் வரத் தொடங்கியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ரிஸ்க்-ஃபைவில் கர்னல் தொடங்கும்போது ஏ0 ரிஜிஸ்டரில் ஹார்ட் (ஓடிக்கொண்டிருக்கும் செயலி இழை) எண்ணும், ஏ1-இல் டிவைஸ் ட்ரீ கிடக்கும் முகவரியும் இருக்கும். கர்னலுக்குக் கிடைக்கும் வரைபடம் அது ஒன்றுதான். அதை எழுதியவர் நீங்கள். ஆகவே அதிலுள்ள எண்ணும் எஃப்பிஜிஏ வடிவமைப்பில் இன்டர்கனெக்டுக்கு (செயலியையும் சாதனங்களையும் இணைக்கும் பாதைக்கு) கொடுத்த எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த முகவரிக்குப் பதில் சொல்ல ஆளில்லை; பஸ் பிழை திரும்பி வரும், கர்னல் விழும்.

எண்கள் சரியாக இருந்தும் விழுந்தால் செயலியின் பிஎம்ஏ அமைப்பைப் பாருங்கள். எந்தப் பௌதிகப் பரப்பு ராம், எது சாதனம் என்பதை ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் வன்பொருளிலேயே நிர்ணயிக்கிறது. பேஜ் டேபிளில் அதைக் குறிக்கும் வசதி 2021-இல் ஏற்கப்பட்ட எஸ்விபிபிஎம்டி நீட்சியில்தான் வந்தது. அது இல்லாத செயலியில், கேஷ் செய்யப்படும் பரப்புக்குள் டைமரை வைத்திருந்தால் ஐஓரீமேப்பால் உங்களுக்கு உதவ முடியாது. கேஷ் ஒரு முழு வரியைக் கேட்கும். 4 பைட் மட்டும் தரத் தெரிந்த உங்கள் டைமர் பிழையைத் திருப்பும். அப்படியென்றால் டைமரைச் சாதனப் பரப்புக்குள் நகர்த்தி, டிவைஸ் ட்ரீயில் ரெக் எண்ணை மாற்றி, இரண்டையும் ஒரே கமிட்டில் சேமியுங்கள். டிரைவரில் ஒரு வரியையும் தொட வேண்டியிருக்காது.