பத்துக் கணினிகளும் ஒரு கடைச் சாவியும்

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகச் சிறிய கணினி வகுப்பு நடத்தி வந்தேன். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் மூடுகிறேன். பத்துக் கணினிகள் இருக்கின்றன. எட்டு, 2019இல் ஒன்று 2,300 வெள்ளி என்று வாங்கியவை. இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. மற்ற இரண்டும் நான்காம் தலைமுறை, மிகப் பழையவை. ஈப்போ வியாபாரி ஒருவர் பத்தையும் சேர்த்து 2,000 வெள்ளிக்குக் கேட்கிறார். பாதி விலைக்குக் கீழே கொடுக்கவே கூடாது, இணையத்தில் விற்கலாம் என்கிறார் கணவர். கடை வாடகை மாதம் 650 வெள்ளி. என்ன செய்யட்டும்?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, வியாபாரி குறைத்துக் கேட்கிறார், உங்கள் கணவர் கூட்டிக் கேட்கிறார். இரண்டில் கணவரின் கணக்குத்தான் உங்களுக்கு அதிகச் செலவு வைக்கும். 2,300 வெள்ளியை மறந்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பணம் வகுப்புக் கட்டணமாக எப்போதோ திரும்பி வந்துவிட்டது. வாங்க வருகிறவருக்கு உங்கள் பழைய ரசீதைப் பற்றி என்ன கவலை? 1,150 வெள்ளிக்கு மேல் இன்னும் கொஞ்சம் போட்டால் உத்தரவாதத்தோடு புதியதே கிடைக்குமே என்றுதான் அவர் யோசிப்பார்.

விலையைக் கண்டுபிடிக்க, இதே தலைமுறைக் கணினிகளைக் கரோசல், முடா ஆகிய இணைய விற்பனைத் தளங்களில் தேடுங்கள். வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும் விளம்பரங்களின் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது விற்பவரின் ஆசை. கரோசலில் விற்றுவிட்டதாகக் குறிக்கப்பட்டவற்றில் பத்தைக் குறித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் விலையை எடுங்கள். அது 500 என்று வந்தால் 450க்குப் போடுங்கள். உங்களிடம் எட்டு இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு அடம்பிடிப்பவரைப் போல நீங்கள் காத்திருக்க முடியாது.

விளம்பரம் போடுவதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. உங்கள் எட்டும் விண்டோஸ் 11க்குத் தகுதியானவை. எட்டாம் தலைமுறைதான் அதன் வாசற்படி. கணினியின் அடிப்படை அமைப்பான பயாசில், டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி முடக்கப்பட்டிருந்தால் இயக்கிவிட்டு, இலவசமாக மேம்படுத்துங்கள். பிறகு எல்லாத் தரவையும் துடைத்து முதல்நிலைக்குக் கொண்டுவாருங்கள். மாணவர்களின் அடையாள அட்டை நகல்கள் நிச்சயம் எங்காவது கிடக்கும். ரேம் கூட்டுகிறேன் என்று மட்டும் காசு போடாதீர்கள்.

ரேம் என்றதும் நினைவுக்கு வருகிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் அதன் விலை கடுமையாக ஏறியது. ஈப்போக்காரர் அதை அறியாதவராக இருக்க மாட்டார். முழுதாக வாங்கி, கழற்றிக் கூறு போட்டு விற்பதில்தான் அவருக்கு லாபம். பெரிய தோட்டங்களை வாங்கித் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு இந்த வித்தையை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே துண்டாடலை எதிர்கொள்ளத்தானே. வியாபாரி கழற்றி விற்கிறார் என்பதற்காக நீங்களும் ஸ்க்ரூடிரைவரைத் தூக்க வேண்டாம். கழற்றிய ரேம் உடனே போகும். மிஞ்சும் மதர்போர்டுகளும் பெட்டிகளும் உங்கள் வரவேற்பறையில் தங்கிவிடும்.

இனி வாடகைக்கு வருவோம். எட்டும் 450க்குப் போனால் 3,600 வெள்ளி. விற்று முடிக்க இரண்டு மாதம் கடையைப் பிடித்து வைத்தால் 1,300 போய், கையில் 2,300. இரண்டு மாதம் அலைந்து, வியாபாரி தருவதைவிட 300 வெள்ளிதான் கூடுதல்! ஆகவே இந்த மாதமே சாமான்களை வீட்டுக்கு மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். எப்படி விற்பது என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

முதலில் பழைய மாணவர்களின் பெற்றோருக்குச் சொல்லுங்கள். திரை, விசைப்பலகை, சுட்டியோடு முழு செட்டாகக் கேட்பவர்கள் அவர்கள்; அஞ்சல் செலவும் இல்லை. தவணைக்குக் கொடுக்காதீர்கள். தெரிந்தவர்களிடம் கடனை வசூலிப்பதைவிட ஐம்பது வெள்ளி குறைத்துக் கொடுப்பது எளிது. மிஞ்சியதை இணையத்தில் போட்டு, பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கைமாற்றுங்கள். கூரியர் வந்து எடுத்துக்கொள்ளும், பணம் பெற இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று யாராவது அனுப்பினால் அது மோசடி. பணம் பெற ஓடிபி தேவையே இல்லை. வாங்குபவர் காட்டும் ரசீதுப் படத்தை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறிய பிறகே பொருளைக் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வகுப்பை வணிகமாகப் பதிவு செய்து, இந்தக் கணினிகளின் விலையை ஆண்டுதோறும் வருமானத்திலிருந்து கழித்திருந்தால், விற்று வரும் பணம் வணிக வருமானத்தோடு சேரும். ஒவ்வொரு விற்பனையையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

அந்த இரண்டு நான்காம் தலைமுறைக் கணினிகள் விண்டோஸ் 11க்குப் போகா. அவற்றிலுள்ள டிடிஆர்3 என்ற பழைய வகை ரேமுக்கும் பெரிய விலை இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டு, ஈப்போக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகும் எட்டில் எதுவும் மிஞ்சியிருந்தால், அதையும் அவரிடமே தள்ளிவிடலாம்.