தடை போட்டால் போதுமா, காரணம் வேண்டாமா?

கேள்வி: மாட்டுக்கு ஆக்ஸிடாஸின் ஊசி போட்டுப் பால் கறக்கிறார்கள். அந்தப் பாலைத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். இதைத் தடுக்க 2018-ல் தனியார் கம்பெனிகள் அந்த மருந்தைத் தயாரிக்கவே கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மருந்தைப் பற்றி நீதிபதிக்கு என்ன தெரியும்? சுகாதாரத்துறை எடுக்கிற ஒவ்வொரு கொள்கை முடிவுக்கும் கோர்ட்டில் போய்க் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் நாட்டில் எந்த நல்ல காரியம் நடக்கும்?
— வாசகர் ஒருவர், நாமக்கல் மாவட்டம்

பதில்: மருந்தைப் பற்றி நீதிபதிக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். ஃபைலைப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த வழக்கில் நடந்ததும் அதுதான்.

உங்கள் கேள்வியில் மாடு இருக்கிறது, பால் இருக்கிறது, குழந்தைகள்கூட இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளைப் பெற்றவள் எங்கே? ஆக்ஸிடாஸின் மாட்டு மருந்து அல்ல. பிரசவ வார்டில் முதலில் கை போகிற மருந்து. குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் செவிலியர் தாயின் தொடையில் 10 யூனிட் ஊசி போடுவார். உடனே கருப்பை சுருங்கிக் கல் போல இறுக வேண்டும். இறுகினால்தான் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் வாய் திறந்து கிடக்கிற ரத்தக் குழாய்கள் நெரிபட்டு மூடும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கருப்பை இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால், ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவதற்குள் அந்தப் பெண் வெளுத்துப்போவாள். இந்த ரத்தப்போக்கைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்லும் மருந்து இதுதான். அதுவும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்து. வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும். ஆகவே எங்கே செய்கிறார்கள், எத்தனை தூரம் பயணம் செய்து ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜுக்கு வந்து சேருகிறது என்பதெல்லாம் இந்த மருந்தின் விஷயத்தில் உயிர்ப் பிரச்சினை.

இப்போது அரசின் உத்தரவுக்கு வருவோம். 2016-ல் இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் மாட்டு ஊசியின் கொடுமையைப் பார்த்து, இந்த மருந்தின் தயாரிப்பைப் பொதுத்துறைக்கு மட்டும் ஒதுக்க முடியுமா என்று பரிசீலிக்கச் சொன்னது. (கோர்ட் தலையிடக் கூடாது என்று சொல்லும் உங்களுக்கு ஒரு தகவல்: தடையின் விதையே ஒரு கோர்ட்டில்தான் விழுந்தது.) 2018 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் தடையை அறிவித்தது. உள்நாட்டு உபயோகத்துக்குத் தனியார் யாரும் செய்யக் கூடாது. பெங்களூரில் உள்ள கர்நாடகா ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் மட்டும் நாடு முழுவதற்கும் செய்யும். அந்த நிறுவனமோ அந்தச் சமயத்தில்தான் இந்த மருந்தைச் செய்யவே தொடங்கியிருந்தது. மருந்து கம்பெனிகளும், அகில இந்திய மருந்துச் செயல்பாட்டு வலையமைப்பு என்ற மக்கள் அமைப்பும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. கம்பெனிகளோடு எப்போதும் மல்லுக்கட்டுகிற அமைப்பு அது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே பக்கம் நின்றன என்றாலே ஏதோ இடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நீதிமன்றம் என்ன கேட்டது? தடை நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. இப்படி ஒரு தடை அவசியம் என்பதற்கு ஃபைலில் விஞ்ஞான ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டது. மருந்து ஒரே தொழிற்சாலையை நம்பி நின்று, அங்கே ஒரு பேட்ச் கெட்டுப்போனாலோ தயாரிப்பு நின்றாலோ கர்ப்பிணிகளும் இளம் தாய்மார்களும் என்ன ஆவார்கள் என்று எடை போட்டீர்களா என்று கேட்டது. போதிய பதில் இல்லை. 2018 டிசம்பர் 14 அன்று தடை ரத்தானது. இதில் நீதிபதி டாக்டர் வேலை பார்த்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பாலைக் குடித்தால் சிறுமிகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். நீங்களும் அதை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதை ஆராய்ந்தது. ஊசி போட்டதால் பாலில் ஆக்ஸிடாஸின் அளவு கூடவில்லை என்றது. அது போக, இந்த ஹார்மோன் வாய்வழியாகப் போனால் வயிற்றில் செரித்துவிடும். அதனால்தான் ஊசியாகப் போடுகிறார்கள்.

சரி, அப்படியானால் மாட்டுக்கு ஊசி போடலாமா? கூடவே கூடாது. கன்று செத்துப்போன எருமை மடி சுரக்க மறுக்கும். அந்தக் காலத்தில் கன்றின் தோலில் வைக்கோல் திணித்து முன்னால் நிறுத்துவார்கள். இப்போது லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து ஒரு ஊசி, அதுவும் தினம் இரண்டு வேளை. கொடுமைதான். அதற்கும் சட்டம் இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு, பால் அதிகம் கறக்க மாட்டின் உடம்பைக் கெடுக்கிற ஊசி போடுவதைக் குற்றம் என்கிறது. இரண்டு வருடம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தொழுவம் தொழுவமாகப் போய் ஆளைப் பிடிப்பது கஷ்டமான வேலை. டெல்லியில் உட்கார்ந்து லைசென்ஸ் உள்ள கம்பெனியை மூடச் சொல்வது சுலபமான வேலை. லைசென்ஸே இல்லாமல் வருகிற பாட்டில் இதனால் எப்படி நிற்கும் என்று யாராவது ஒரு பாரா எழுதியிருந்தால், உத்தரவு போடுவதற்கு முன்பே அதன் ஓட்டை தெரிந்திருக்கும். காரணம் எழுதச் சொல்வது இதற்காகத்தான். கோர்ட்டைத் திருப்திப்படுத்துவதற்காக மட்டும் அல்ல.

கொள்கை முடிவு என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்கக் கூடாது என்ற வாதத்தை நீங்கள் மட்டும் சொல்லவில்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் அதைச் சொன்னது. நிர்வாகத்தின் அறிவை நம்புங்கள், நல்ல எண்ணத்தோடு என்றாலும் கோர்ட் தலையிட்டால் எதிர்பாராத விளைவுகள் வரும் என்றது. அப்போதைய தடுப்பூசிக் கொள்கை என்ன? 45 வயதுக்கு மேல் மத்திய அரசின் இலவச ஊசி. 18 முதல் 44 வரை மாநிலங்கள் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மத்திய அரசுக்கு 150 ரூபாய்க்கு வந்த கோவிஷீல்டு மாநிலங்களுக்கு 300, தனியாருக்கு 600. ஒரே ஊசி, ஒரே கம்பெனி. ஏன் மூன்று விலை? மே 31-ம் தேதி உத்தரவில் உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கை மேலோட்டமாகப் பார்க்கும்போதே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்றது. முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று காட்டும் ஃபைல் குறிப்புகளைக் கொண்டுவரச் சொன்னது. ஜூன் 7-ம் தேதி பிரதமர் டி.வி.யில் வந்து, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மத்திய அரசே வாங்கி இலவசமாகத் தரும் என்று அறிவித்தார். கோர்ட் கேட்டதால்தான் மாறியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மே 31 உத்தரவைப் போட்ட மூன்று நீதிபதிகளில் ஒருவரான எஸ். ரவீந்திர பட்தான் ஆக்ஸிடாஸின் வழக்கையும் விசாரித்தவர்.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காரணம் கேட்பதைக் கம்பெனிகள் காலம் கடத்தும் வித்தையாக மாற்றிவிடுகின்றன. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளை அரசு தடை செய்தது. ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்தை அர்த்தமில்லாமல் கலந்து விற்கிற கூத்து அது. தடை நியாயமானது என்றே நான் அன்றும் நினைத்தேன். 454 வழக்குகள் வந்தன. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சட்டப்படி அமைந்த மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவைக் கேட்கவில்லையாம். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம், கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனாலும் அந்தக் குழு ஆழமாகப் பார்க்கட்டும் என்றது. குழு பார்த்தது. 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மறுபடி தடை வந்தது. இரண்டரை வருடம் அந்த மாத்திரைகள் கடைகளில் ஓடின. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் யார்மேல் எரிச்சல் படுவது? 2018-ல் செய்ததை 2016-லேயே செய்திருந்தால் வழக்குகளுக்குப் பிடியே கிடைத்திருக்காது.

பயோகிளிட்டசோன் நினைவிருக்கிறதா? சர்க்கரை நோய் மாத்திரை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாம் என்று 2013 ஜூன் 18-ல் தடை, ஜூலை 31-ல் தடை நீக்கம், பெட்டியில் எச்சரிக்கை அச்சடித்து விற்கலாம் என்று. ஆறு வாரத்தில் மருந்தும் மாறவில்லை, நோயும் மாறவில்லை. முதலில் செய்திருக்க வேண்டிய யோசனையைத் தடை போட்ட பிறகு செய்தார்கள். நடுவில் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு யாரும் விளக்கம் கொடுக்கவில்லை.

பிரிட்டனில் ஒரு மருந்துக்கு அரசுப் பணம் தரலாமா கூடாதா என்று சொல்கிற நைஸ் என்ற அமைப்பு, வரைவையே பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்கிறது. மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறது. அங்கேயும் திட்டுகிறார்கள், ஆனால் எதைத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டுகிறார்கள். கொள்ளைநோய் நேரத்தில் அதற்கெல்லாம் அவகாசம் இல்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒரே பக்கத்தில் எழுதட்டும்: என்ன தெரிந்து இந்த முடிவுக்கு வந்தோம், இதனால் யாருக்கு நஷ்டம், எப்போது திரும்பப் பார்ப்போம். ஊரடங்குக்குக்கூட ஒரு பக்கம் எழுத நேரம் இருந்திருக்கும்.

ஆக்ஸிடாஸின் வழக்கில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019-ல் அது பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மாட்டு ஊசி நிற்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தால், 12-வது பிரிவின்கீழ் உங்கள் மாவட்டத்தில் கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை வழக்கு பதிவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய்தான் கட்டணம். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.