பூங்காவுக்குக் குழந்தைகளோடு பஸ்ஸில் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) இருக்கும் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம் போன்ற பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குச் சின்னப் பிள்ளைகளோடு பஸ்ஸில் போவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போகும்போது பெரிய சிக்கல் இருக்காது. சாயங்காலம் திரும்பும்போதுதான் கூட்டம் முண்டியடிக்கும், பிள்ளைகளும் தூங்கி வழிவார்கள்.

இறங்கியதும் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து சாலையைக் கடக்கவே கூடாது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, பம்பரை ஒட்டி நிற்கும் குழந்தை தெரியாது. பஸ்ஸை முந்தி வரும் வண்டிக்காரருக்கும் தெரியாது. பஸ் கிளம்பிப் போகும்வரை கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நில்லுங்கள்.

ஈர உடையோடு சீட்டில் உட்காராதீர்கள், அடுத்து உட்காருபவர் பாவம். அப்புறம், பிள்ளையின் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதுங்கள். தண்ணீரில் ஆடினால் அழிந்துவிடும். கிளம்பும் முன் மறுபடி எழுதுங்கள். கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால் உடனே கண்டக்டரிடம் சொல்லுங்கள், 112ஐயும் அழையுங்கள்.