கடலோரத்தில் 30 சென்ட்: புரோக்கர் சொல்லும் 50 மீட்டர் கணக்கு

கேள்வி: குவைத்தில் வேலை பார்க்கிறேன். ஊர் திரும்பி, கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கம் 30 சென்ட் வாங்கி, தென்னை, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), ஒரு மாடு என்று இருக்க ஆசை. ஒக்கி மாதிரி புயல் வந்தாலும் பத்து நாள் யாரையும் எதிர்பார்க்காமல் சமாளிக்க வேண்டும். கடலிலிருந்து 150 மீட்டரில் ஓர் இடம் வந்திருக்கிறது. 'ஜனநெருக்கமான மாவட்டம், 50 மீட்டர் தாண்டினால் வீடு கட்டலாம்' என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.

சி.ஆர்.இசட் எனப்படும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை (2019) கிராமப் பகுதிகளுக்கு இரண்டு தூரம் வைத்திருக்கிறது. பொதுவாக, கடல் ஏறி நிற்கும் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வெளியூர்க்காரர் புது வீடு கட்ட முடியாது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதி என்றால் மட்டும் அது 50 மீட்டர். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் அடர்த்தி 1,111. சென்னைக்கு அடுத்து நாம்தான். ஆனால் மாவட்டக் கணக்கு இங்கே செல்லாது, அந்தப் பகுதியின் கணக்கு வேண்டும். அது 2,161-ஐத் தாண்டியிருந்தாலும் போதாது. மக்களிடம் கருத்துக் கேட்டு, புது அறிவிக்கைப்படி கடலோர மேலாண்மைத் திட்டம் தயாராகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதுவரை 200 மீட்டர்தான். ஒப்புதலான அந்தத் திட்ட வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான புரோக்கர்கள் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றுவார்கள்.

'பத்திரம் பதிவாகும், வில்லங்கம் சுத்தம்' என்பார்கள். பதிவாகும்தான். பத்திரப் பதிவு வேறு, கட்டட அனுமதி வேறு. வில்லங்கச் சான்றில் இந்தக் கோடு வராது. பட்டாவில் ஒரு வரி சேர்த்தால் எத்தனை பேர் தப்பிப்பார்கள்! யார் செய்கிறார்கள்? வாங்குகிறவன்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். மழைக்காலத்தில் இடம் காட்டினால் முடிவு சொல்லாமல் திரும்பிவிடுங்கள். ஐப்பசியில் எல்லாக் கிணறும் இனிக்கும். மழை தொடங்கும் முன், கடுங்கோடையில் ஒரு நாள் மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, கடைசியாக வரும் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கும் கொடுங்கள். கரைந்திருக்கும் மொத்த உப்பு (டி.டி.எஸ்) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 2,000 தாண்டினால் குடிக்க ஆகாது. தென்னை தாங்கிக்கொள்ளும், பயறும் கீரையும் தாங்காது. 'ஆழமாக போர் போட்டால் நல்ல தண்ணீர்' என்ற பேச்சும் வரும். கடற்கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஆழத்தில் உறிஞ்சினால் கடல்தான் மேலே ஏறும். உங்கள் கிணறோடு பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, மேட்டு விளையாக (மேட்டு நிலத் தோட்டமாக) பார்ப்பேன். மண்ணடித்து மேடாக்கிய வயல் வேண்டாம். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே போனது. 2017-ல் ஒக்கி ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. அப்போது மோட்டார் இருந்தும் பயனில்லை, கப்பியும் வாளியும் போட்ட கிணறு இருந்த வீடுதான் தண்ணீர் குடித்தது. கூரைமேல் விழும் தூரத்தில் தென்னை நிற்கக் கூடாது. மரச்சீனியைப் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டுவைக்கலாம், தண்ணீர் தேங்காத மேட்டில் நட்டிருந்தால்.