நீதிபதி தேர்தலில் எதிராளிக்கு எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வழக்கறிஞராக இருக்கும் என் தங்கை, எங்கள் கவுன்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) விசாரணை நீதிமன்றமான காமன் பிளீஸ் நீதிமன்றத்தின் நீதிபதி பதவிக்குத் தேர்தலில் போட்டியிடுகிறாள். பல ஆண்டுகள் ஏழைகளுக்காக அரசுச் செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டராக இருந்தவள். எதிர்த்து நிற்பவர் ஆளுநரால் நியமிக்கப்பட்டு இப்போது அந்தப் பதவியில் இருப்பவர். ‘குற்றவாளிகளைக் காப்பாற்றியவர்’ என்று என் தங்கையைப் பற்றித் துண்டறிக்கை அடித்து வீடுவீடாகப் போடுகிறார்கள். எங்கள் பக்கத்து இளைஞர்கள் அவருடைய விவாகரத்து வழக்கின் ஆவணங்களை எடுத்துவைத்து, வாட்ஸ்அப்பில் பரப்பத் துடிக்கிறார்கள். பேசாமல் இருந்தால் கையாலாகாதவர்கள் என்று நினைத்துவிட மாட்டார்களா?

பதில்: முதல் காரியமாக அந்த விவாகரத்து ஆவணங்களை ஓரம் கட்டிவிடுங்கள். ‘நீதிமன்றப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியதுதானே’ என்று இளைஞர்கள் வாதாடுவார்கள். இருக்கட்டும். ஒஹாயோவில் விவாகரத்து வழக்குகளை விசாரிப்பதும் இதே காமன் பிளீஸ் நீதிமன்றம்தான். தன் குடும்பத்துச் சண்டையை நீதிமன்றத்தில் வைக்க வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு பெண், அங்கே நீதிபதியாக இருப்பவர் இன்னொருவர் குடும்பச் சண்டையை ஓட்டுக்காகத் தெருவில் போட்டவர் என்று தெரிந்துகொண்டு எந்த நம்பிக்கையில் வாய் திறப்பார்?

‘இளைஞர்கள் தாங்களாகச் செய்தது, எனக்குத் தெரியாது’ என்று உங்கள் தங்கை பிறகு ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. தன் பிரசார வாசகங்களை வேட்பாளரே பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது நீதிபதி வேட்பாளர்களுக்கான நடத்தை விதி. வாட்ஸ்அப் செய்தியும் பிரசாரம்தான். சட்டமன்றத் தேர்தலில் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. தேர்தலில் வென்று வந்தாலும் நீதிபதி அரசியல்வாதி அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 2015இல் ஒரு தீர்ப்பில் எழுதினார். அந்த வழக்கும் ஃபுளோரிடாவில் ஒரு கவுன்டி நீதிபதி தேர்தலிலிருந்து எழுந்ததுதான்.

அதற்காக மௌனமாக இருக்கச் சொல்லவில்லை. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு 2008இல் நடந்த தேர்தலை நினைத்துப் பாருங்கள். பதவியில் இருந்த லூயிஸ் பட்லரும் உங்கள் தங்கையைப் போல முன்பு பப்ளிக் டிஃபெண்டராக இருந்தவர். அவரை எதிர்த்த மைக்கேல் கேபிள்மன் தரப்பு ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. பாலியல் குற்றவாளி ஒருவருக்காகப் பட்லர் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தார், அந்த ஆள் பிறகு இன்னொரு குழந்தையைச் சீரழித்தான் என்று அது சொன்னது. உண்மையில் பட்லர் வழக்கறிஞராக வாதாடிய அந்த மேல்முறையீட்டால் அந்த ஆள் விடுதலையாகவில்லை. சிறையிலேயே இருந்து, பரோலில் வெளியே வந்த பிறகுதான் அடுத்த குற்றம் நடந்தது. பட்லர் தோற்றார். கேபிள்மன் மீதான ஒழுங்கு நடவடிக்கை 2010 வரை இழுத்து, அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் மூவருக்கு மூவர் எனப் பிரிந்ததால் ஒன்றுமில்லாமல் போனது. விளம்பரத்தின் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மைதான் என்பது ஒரு தரப்பு நீதிபதிகளின் வாதம். அந்தத் தேர்தலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. கெட்டுப்போனது ஒரு வேட்பாளரின் பெயர் மட்டுமல்ல. ஏழைக்காக வாதாடுவதே வெட்கப்பட வேண்டிய தொழில் என்று வாக்காளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஆகவே துண்டறிக்கைக்கு உடனே, உங்கள் தங்கையே, தன் பெயரில் பதில் எழுத வேண்டும். ‘குற்ற வழக்கில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளப் பணமில்லாதவருக்கு அரசே வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1963இல் கிடியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் செய்தது அந்த வேலை. எதிர்த் தரப்பில் அரசு வழக்கறிஞர் தன் வேலையைச் செய்தார், நான் என் வேலையைச் செய்தேன்.’ இவ்வளவு போதும். எதிர் வேட்பாளரைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்கூட வேண்டாம்.

புகார் கொடுக்கலாமா என்ற யோசனையும் உங்களுக்கு வரும். ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2014இல் ஒரு கோடு கிழித்தது: வேட்பாளர் தெரிந்தே பொய் சொன்னால் தண்டிக்கலாம், சொன்னது உண்மை, ஆனால் திசைதிருப்புகிறது என்பதற்காகத் தண்டிக்க முடியாது. முன்னாள் நீதிபதி ஒருவர், பதவியில் இல்லாதபோது ‘நீதிபதி’ என்று பொறித்த பெயர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு ஓட்டுக் கேட்ட வழக்கு அது. இந்தக் கோட்டின்படி ‘காப்பாற்றியவர்’ என்ற சொல் தப்பித்துவிடும் என்றே நினைக்கிறேன். ‘இன்ன கொலைகாரனை விடுவித்தார்’ என்று நடக்காத ஒன்றை உங்கள் எதிர் வேட்பாளரே அச்சிட்டால் கதை வேறு. அப்போது தயங்காமல் புகார் கொடுங்கள்.

சிறு தவறுகளுக்கு நேராகப் புகாருக்கு ஓட வேண்டாம். உதாரணமாக, தேர்தலில் ஒருமுறையும் வென்று அந்தப் பதவிக்கு வராதவர் ‘மீண்டும் தேர்ந்தெடுங்கள்’ என்று பலகை வைக்கக் கூடாது. அவர் நியமனத்தில் வந்தவர் என்கிறீர்கள். அப்படி ஒரு பலகை கண்ணில் பட்டால் உங்கள் தங்கை அவருக்கே போன் செய்து சொல்லட்டும். அதே போனில் துண்டறிக்கையைப் பற்றியும், கோபமில்லாமல், கேட்கலாம். பல நேரம் வேட்பாளருக்குத் தெரியாமலே ஆதரவாளர்கள் அச்சிட்டிருப்பார்கள்.

அவருடைய வேலையைக் கடுமையாகவே விமர்சிக்கலாம். மேல்முறையீட்டில் ரத்தான தீர்ப்புகளைப் பேசலாம். ஆனால் முழுவதும் படித்துவிட்டு, வழக்கு எண்ணோடு. ஒஹாயோ நீதிபதிகள் தேங்கியிருக்கும் வழக்குகளின் கணக்கை மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தவறாமல் அனுப்ப வேண்டும். அந்த எண்ணிக்கையை மேடையில் படிக்கலாம். நிலுவையில் உள்ள எந்த வழக்கையும் தொடக் கூடாது. ‘நான் வந்தால் இவர்களை இப்படித் தண்டிப்பேன்’ என்று வாக்குறுதியும் கூடாது. ஒரே மேடையில் அமரும்போது அவரை ‘நீதிபதி’ என்று பதவிப் பெயரோடு அழைக்கட்டும். தேர்தல் முடிந்ததும் இருவரில் ஒருவர் மற்றவர் முன்னால் கட்சிக்காரருக்காக நின்று வாதாடும் நாள் வரலாம். அன்று மனக்கசப்பின் விலையைக் கொடுப்பவர் ஒரு பாவமும் அறியாத அந்தக் கட்சிக்காரர்.

பிரசார நெறிகள் பற்றிய இரண்டு மணி நேர வகுப்பு ஒஹாயோவில் நீதிபதி வேட்பாளர்களுக்குக் கட்டாயம். அதில் தந்த குறிப்புகளை எடுத்துக்கொண்டு, வாட்ஸ்அப் குழுவை நடத்தும் இளைஞர்களோடு உங்கள் தங்கை இந்த வாரமே ஒரு மாலை உட்காரட்டும்.