ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம்: எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்?

பதினாறு மாதப் பிள்ளைக்கு மூன்று நாளாக வயிற்றாலே போகிறது, நேற்றிலிருந்து சத்தியும் எடுக்கிறது, வீட்டு வைத்தியத்தோடு இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. நான் டொக்டர் இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளின் தாய். மூத்தவளுக்குப் பதினான்கு மாதத்தில் இதே நிலை வந்தது, அப்போது நான் விட்ட பிழைகளை நீங்கள் விடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மாரி மழை, கிணற்றுத் தண்ணி கலங்கி நின்ற நேரம். முதல் நாள் ஏழெட்டுத் தடவை போனாள். வயிற்றைக் காயப் போட்டால் தானாக நிற்கும் என்று அம்மா சொல்ல, சோற்றையும் பாலையும் நிறுத்திவிட்டு ஓமத் தண்ணியும் பிளேன்ரீயும் கொடுத்தோம், நாவூறும் கழித்தோம். மூன்றாம் நாள் இரண்டே தடவைதான் போனாள், சரி, குணமாகிறது என்று எல்லோருக்கும் நிம்மதி. பின்னேரம் அழுதாள், முகத்தைத் துடைக்கப் போனால் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. விடியக் கட்டிய பம்பர்ஸைக் கழற்றிப் பார்த்தேன், கட்டும்போது இருந்த அதே பாரம். உடம்பில் வெளியே போவதற்கே ஒன்றும் மிச்சம் இல்லாமல்தான் வயிற்றாலே போவது குறைந்திருந்தது.

மோட்டார் சைக்கிளில் புதுக்குடியிருப்புக்குக் கொண்டு ஓடினோம். அங்கே நேர்ஸ் அவளுடைய வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டார். மடிந்த தோல் உடனே விரியாமல் அப்படியே நின்று, மெதுவாகத்தான் படிந்தது. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சேலைன் ஏற்றித்தான் மீண்டாள்.

அதனால் எத்தனை தடவை வயிற்றாலே போனது என்பதை விட, எத்தனை தடவை சலம் (சிறுநீர்) போனது என்பதை எண்ணுங்கள். ஆறு மணித்தியாலத்துக்கு மேலாகச் சலம் போகவில்லை என்றால், வேறு எதையும் பார்க்காமல் கொண்டு போங்கள்.

ஜீவனி, அதுதான் வயிற்றோட்டத்துக்குத் தண்ணியில் கரைத்துக் கொடுக்கும் உப்புக் கரைசல் தூள், அதன் விஷயத்திலும் நான் பிழை விட்டேன். பக்கற்றில் பாதியை ஒரு தம்ளர் தண்ணியில் கரைத்துக் கொடுத்தேன். அப்படிச் செய்தால் உப்பு கூடிப் பிள்ளைக்கு ஆபத்து. ஒரு லீற்றர் பக்கற் என்றால் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் ஒரே தரத்தில் கரைக்க வேண்டும். நான் இப்போது வெறும் ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலை அளவுக்கென்றே கழுவி வைத்திருக்கிறேன். கரைத்தது 24 மணித்தியாலம் தாண்டினால் ஊற்றிவிடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தரமும் வயிற்றாலே போன பிறகு 50 முதல் 100 மில்லி லீற்றர் வரை கொடுக்கலாம். சத்தி எடுத்தால் உடனே நிறுத்திவிட வேண்டாம், பத்து நிமிடம் விட்டு, ஒரு கரண்டி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து இன்னொரு கரண்டி. கைதான் நோகும், ஆனால் அப்படிக் கொடுத்தால் பெரும்பாலும் உள்ளே தங்கும்.

தாய்ப்பாலை ஒருக்காலும் நிறுத்தாதீர்கள். குழைசாதம், கஞ்சி, வாழைப்பழம், தயிர், பிள்ளை எதைத் தின்னுதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சோடாவும் சீனி கூடப் போட்ட பானங்களும் வயிற்றோட்டத்தைக் கூட்டும். வயிற்றாலே போவதைக் கட்டுகிற குளிசையைக் கடையில் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது கொடுக்கிற மருந்து இல்லை. அன்ரிபயற்றிக்கும் டொக்டர் எழுதினால் மட்டும்தான். சிங்க் மருந்து பத்துப் பதினான்கு நாளுக்குத் தருவார்கள், வயிற்றோட்டம் நின்றுவிட்டது என்று அதை இடையில் விடாதீர்கள்.

மலத்தில் இரத்தம், பச்சையாகச் சத்தி, குடித்ததெல்லாம் திரும்ப வருவது, கடும் காய்ச்சல், கண் குழி விழுவது, கூப்பிட்டால் முழிக்காமல் சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் இரவு என்று பார்க்காமல் போங்கள். இன்னொன்று, பிள்ளை காலை மடக்கி வீரிட்டு அழுது, பிறகு ஓய்ந்து, திரும்பவும் அதே மாதிரி அழுதால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம், அது மணித்தியாலக் கணக்கில் முற்றுகிற விஷயம். காட்டுப் பக்கம், வாகனம் இல்லை என்றால் 1990 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

சாப்பாட்டை நிறுத்தி நாவூறு கழிக்கச் சொல்லி அம்மம்மா சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம், நாவூறு கழிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, கழிக்கட்டும். சாப்பாட்டை நிறுத்த மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் பிள்ளைக்கு இது மூன்றாம் நாள், சத்தியும் சேர்ந்திருக்கிறது. நானென்றால் இன்னும் இரண்டு நாள் பார்க்க மாட்டேன், இன்றைக்கே காட்டுவேன். போகும்போது கிளினிக் புத்தகத்தையும், கடைசியாகக் கழற்றிய பம்பர்ஸை ஒரு பையில் கட்டியும் கொண்டு போங்கள், கடைசியாகச் சலம் போன நேரத்தை ஒரு துண்டில் எழுதி வையுங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள். வழியில் கொடுக்கக் கரைத்த ஜீவனியும் ஒரு கரண்டியும் கையில் இருக்கட்டும்.