நாளைக்கும் இதையே பாடு

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 54. கல்யாணமாகி கும்பகோணம் வந்த நாளிலிருந்து வீட்டிலேயே பாட்டு வகுப்பு எடுக்கிறேன். இப்போது வகுப்பு என்றாலே எரிச்சலாக வருகிறது. தினமும் அதே மாயாமாளவகௌளை ராகம், அதே சரளி வரிசைப் பாடம், அதே மூன்று காலம் (வேகம்). ஒருத்தி மூன்றாம் காலத்தில் நிஷாதத்தை (நி) விழுங்குவாள். இன்னொரு பையன் ரிஷபத்தை (ரி) மேலே தூக்கிவிடுவான். "நாளைக்கும் இதையே பாடிக்கொண்டு வா" என்று அனுப்பினால் அதே தப்போடு வந்து நிற்பான், எனக்குக் கத்தத்தான் தோன்றுகிறது. அலங்காரப் பாடம் முடிவதற்குள் டியூஷன் என்று பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். பெற்றோரோ, "மிஸ், எங்க பொண்ணு டிவியில் எப்போ பாடுவா?" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்ல?

வீட்டுக்காரர், "ச ரி க ம தானே, தூக்கத்திலேயே சொல்லிக் கொடுப்பாய்" என்கிறார். நானாக உட்கார்ந்து பாடிப் பழகும் சாதகமும் நின்றுபோயிற்று. மாதவிலக்கு நின்றதிலிருந்து நான் பாடும் ஐந்தரைக் கட்டை சுருதியில் மேலே போனால் குரல் பிசிறுகிறது, அது கிடக்கட்டும். சொன்னதையே சொல்லிச் சொல்லி மனம் மரத்துவிட்டது. வகுப்பை மூடிவிடலாமா?

- பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரி,

"அது கிடக்கட்டும்" என்றீர்களே, அதைத்தான் முதலில் எடுக்கிறேன்.

மனம் மரத்தவர் காதில் விழுங்கிய நிஷாதம் விழாது. எந்தப் பிள்ளை எந்த ஸ்வரத்தில் சறுக்குகிறது என்று உங்களுக்கு இன்றைக்கும் துல்லியமாகத் தெரிகிறது. ஆகவே சொன்னதையே சொல்வதில்தான் சலிப்பு என்பதை நான் நம்பவில்லை. உங்களுக்குக் கோபம் உங்கள் குரலின் மேல். வாங்கிக் கட்டிக்கொள்வது ரிஷபத்தைத் தூக்கும் அந்தப் பையன். இதில் நான் அவன் பக்கம்தான். அவனுக்கு நாளை, மறுநாள் என்று தவணை தருகிறீர்கள். உங்கள் தொண்டைக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை. பிசிறியதும் சாதகத்தையே நிறுத்திவிட்டீர்கள்.

மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் குறைவதால் பல பெண்களுக்குக் குரல் கொஞ்சம் கனக்கும், மேல் ஸ்தாயி (உயர்ந்த ஸ்வரங்கள்) சுருங்கும். பேர் பெற்ற பாடகிகளே சுருதியை இறக்கிக்கொண்டு பாடியிருக்கிறார்கள். ஐந்தரைக் கட்டையை விடுவதை ஏதோ மானப் பிரச்சினை போல வைத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மாயாமாளவகௌளையில் ச முதல் ம வரை உள்ள இடைவெளிகளே ப முதல் மேல் ச வரை அப்படியே திரும்பி வருகின்றன. ஆரம்பப் பிள்ளைகளுக்கு அது தோதாக இருப்பதே அதனால்தான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுருதிப் பெட்டியை நாலரைக் கட்டைக்கோ நாலு கட்டைக்கோ இறக்குங்கள், அந்த இடைவெளிகள் அணுவளவும் மாறாது. பிள்ளைகள் வருவதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு, கீழ் ஸ்தாயியில், முதல் காலத்தில் மட்டும் பாடுங்கள். மூன்றாம் காலத்துக்கு அவசரமில்லை. பிசிறு வாரக்கணக்கில் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வகுப்பை மூடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம். டிவி கேட்கும் பெற்றோருக்கு இப்போதைக்கு ஒரு சிரிப்பு போதும்.